எப்போதும் அடுத்த ஊரில் இருந்த மில்

கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கிராம வங்கிகளுக்கும் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைமாருக்குச் சொல்கிறேன். முதலீடு என்ற பெயரில் ஏமாற்ற வருபவனை எப்படி அடையாளம் காண்பது என்று பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அளவுக்கு மீறிய லாபம் சொல்வான், அவசரப்படுத்துவான், பத்திரம் கேட்டால் மழுப்புவான். எல்லாம் சரிதான். நானும் அதையெல்லாம் படித்துச் சோதனை எழுதித்தான் கூட்டுறவுப் பரிசோதகராக வன்னிக்கு வந்தேன். ஆனால் நான் கண்ட முதலாவது மோசடிக்காரர் யாரையும் அவசரப்படுத்தவில்லை. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, இதமான பேச்சு. செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டுத்தான் சூடடிக்கும் களத்துக்குள் கால் வைப்பார்.

‘அவர்’ என்று மரியாதையாகச் சொல்கிறேனே என்று பார்க்கிறீர்களா? அந்த நாளில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். ‘மில் ஐயா’ என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். இத்தனை வருடத்துக்குப் பிறகும் வாய் மாறமாட்டேன் என்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். என்னுடைய வட்டாரம் வவுனியாப் பக்கம் பூவரசங்குளத்தில் தொடங்கி, கிளிநொச்சி, அக்கராயன் என்று போய், முல்லைத்தீவுப் பக்கம் உடையார்கட்டில் முடியும். பஸ்ஸின் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போவேன். இறங்கிய இடத்திலிருந்து கிறவல் ரோட்டில் மிதிப்பேன். காற்சட்டை முழங்கால் வரை செம்மண்ணாகிவிடும். கலியாணம் ஆகாத காலம், சம்பளமும் சொற்பம். ஆனால் அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் அந்த ரோட்டில் போகும்போது இரண்டு பக்கமும் புது வைக்கோல் மணக்கும். அந்த மணத்துக்காகவே மறுபடியும் ஒருதரம் அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்வேன். இதை என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.

இனிக் களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நடந்தது விளங்காது. அறுத்துக் குவித்த கதிரை, அதாவது சூட்டை, அப்போது மாடுகளை விட்டுத்தான் மிதிப்பார்கள். மிதித்துத் தூற்றிக் குவித்த நெல்லுக்குக் களத்தில் ‘பொலி’ என்று பெயர். நெல் என்று சொல்லக்கூடாது. ‘இல்லை’, ‘போதும்’, ‘வேண்டாம்’, ‘முடிந்தது’ ஆகிய சொற்களையும் களத்தில் வாயில் எடுக்கக்கூடாது. சொன்னால் பொலி குறைந்துபோகும் என்பது நம்பிக்கை. எவ்வளவு விளைந்தது என்று கேட்கக்கூடாது. புசல் என்ற மரப்பெட்டியால் அளக்கும்போது முதல் புசலை ஒன்று என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று எண்ணுவார்கள். களத்துக்கு வந்து கை நீட்டியவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். பெண்கள் களத்துக்குள் வருவதும் இல்லை.

வன்னியின் பழைய ஊர்க்காரருக்கு இதெல்லாம் பிறந்த நாள் முதல் பழக்கம். வடக்கே குடாநாட்டிலிருந்து குளத்தடிக் குடியேற்றங்களுக்கு வந்தவர்கள் நிலை வேறு. புகையிலைத் தோட்டத்தில் நின்றவர்களுக்குக் காணியும் வாய்க்கால் தண்ணீரும் புதிது, காடு புதிது, ஊர்க்காரரும் புதியவர்கள். பழைய ஊர்க்காரர் சிரித்துவிடுவார்களோ, ஏதாவது பிழை செய்து விளைச்சல் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் களத்து முறையை அவர்களைவிடக் கடுமையாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு களத்தில் நான் தெரியாமல் ‘தண்ணி போதும்’ என்று சொல்லிவிட்டதற்காக ஒரு குடியேற்றக்காரர் என்னோடு மாதக்கணக்கில் கதைக்காமல் இருந்தார்.

அப்படிப்பட்டவர்களில் ஒருவர்தான் அக்கராயன் பக்கத்துக் குடியேற்றத்தில் இருந்த செல்லத்துரை. கடும் உழைப்பாளி, வாக்குச் சுத்தமான மனிதர். அவருடைய மனைவி பூமணி அக்கா என் பக்கத்து ஊர்க்காரி. அதனால் என்னை ‘ஐயா’ என்னாமல் ‘தம்பி’ என்றே கூப்பிடுவார். அந்த வீட்டில் கிணறு இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் பிழைத்துக்கொள்வார்கள். கோடையில் வாய்க்கால் வற்றினால் குளம் வரை குடத்தோடு நடக்க வேண்டும். குடாநாட்டில் வீட்டுக்கு வீடு கிணறு பார்த்து வளர்ந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒருநாள் சங்கக் கடையில் சீனி வாங்க வந்த அக்கா என்னிடம் நேராகச் சொன்னார்:

“தம்பி, இந்தப் போகத்தோட கிணறு வெட்டித் தாறன் எண்டு இவர் சத்தியம் பண்ணினவர். வெட்டாட்டி நான் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு அம்மாட்டைப் போறன். விளையாட்டுக்குச் சொல்லேல்லை.”

விளையாட்டில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த வருடம் விளைச்சலும் நன்றாக இருந்தது. கிணறு வந்துவிடும் என்றுதான் நானும் நம்பினேன்.

மில் ஐயாவைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது பூவரசங்குளத்தில். நெல் ஆலை ஒன்று வரப்போகிறதாம். களத்திலேயே பொலியாகப் பங்கு கொடுக்கலாமாம். பத்துப் புசல் கொடுத்தால் அடுத்த போகத்தில் பதினைந்தாகத் திரும்பி வருமாம், அதோடு நெல்லும் இலவசமாகக் குத்தித் தருவார்களாம். முந்திய போகத்தில் பங்கு போட்ட இரண்டு பேருக்குக் களத்தில் வைத்தே, எல்லோரும் பார்க்க, மூட்டை மூட்டையாகத் திருப்பிக் கொடுத்தும் இருக்கிறார். “மில் எங்கே வருகுது?” என்று கேட்டேன்.

“கிளிநொச்சியிலை, ஐயா. கட்டிடமெல்லாம் எழும்பிட்டுதாம்.”

நல்ல விடயம் என்று எனக்கும் பட்டது. நெல்லைக் குத்தி அரிசியாக்க அலைந்த காலம் அது. சங்கத்தாலேயே செய்ய முடியாததை ஒருவர் செய்கிறாரே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அடுத்த கிழமை அக்கராயன் பக்கம் போனேன். அங்கும் அதே கதைதான். மில் எங்கே என்று கேட்டேன். “வவுனியாவிலையாம். எஞ்சின் வந்து இறங்கிட்டுதாம்” என்றார்கள். அன்று இரவு சரியாக நித்திரை வரவில்லை. இரண்டு மில்லாகவும் இருக்கலாம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஆனால் கிளிநொச்சியால் போகும்போதெல்லாம் கண்ணை விழித்துக்கொண்டுதான் போயிருக்கிறேன். அங்கே எந்தக் கட்டிடமும் எழும்பவில்லை. ஆலை எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் அடுத்த ஊரில்தான் இருந்தது. நடந்து போய்ப் பார்க்க முடியாத தூரத்தில், ஆனால் பஸ்ஸில் போய் வந்தவர்கள் சொல்லக்கூடிய தூரத்தில். இந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் போய் வருபவன் என்னைப் போல ஒருவன்தான். ஊர் ஊராகத் திரிவதுதான் உங்களுடைய வேலையிலும் பெரிய கல்வி, ஓரிடத்தில் கதிரையில் இருந்துகொண்டு அது கிடைக்காது.

விடிந்ததும் விசாரித்தபோது, செல்லத்துரையின் களத்தில் அன்றைக்குப் பொலி அளக்கிறார்கள் என்று தெரிந்தது. மில் ஐயாவும் அங்கேதான் போயிருக்கிறார் என்றார்கள். சைக்கிளை மிதித்த மிதியில் வழியில் இரண்டு முறை சங்கிலி கழன்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது பொலி குவிந்து கிடந்தது. பக்கத்தில் மில் ஐயாவின் மாட்டுவண்டி, அதில் குறி போட்ட அவருடைய வெறும் சாக்குகள். செல்லத்துரை தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் மலர்ந்து நின்றார். வேலைக்காரர் ஒருவர் காதுக்குள் சொன்னார்: “அரைவாசிப் பொலி மில்லுக்காம், ஐயா.” அரைவாசி என்றால் கிணறு முழுவதும்.

அளப்பவர் முதல் புசலை எடுத்து மில் ஐயாவின் சாக்கில் போட்டு, “லாபம்!” என்று கூவினார். மில் ஐயா கையைக் கூப்பிக்கொண்டு சிரித்தார்.

“கேட்டியளோ செல்லத்துரை? நான் ஏன் சொல்லவேணும்? லாபம் எண்டு பொலியே சொல்லுது.”

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால், நல்ல பகிடிதான் அது. இன்னொரு நாளில் நானும் சிரித்திருப்பேன்.

நான் மெதுவாகத் தொடங்கினேன். “ஐயா, மில் எந்த இடத்திலை...”

அவர் உதட்டில் விரலை வைத்தார். கோபமில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல, அன்பாக. “களத்திலை உந்தக் கேள்வியள் கேக்கப்படாது, தம்பி. பொலி கோவிக்கும்.” வேலைக்காரர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செல்லத்துரையின் முகம் கறுத்தது. அந்த ஒரு கணத்தில்தான் எனக்கு எல்லாம் வெளித்தது. இந்த மனிதர் ஏன் ஒருநாளும் சங்கத்துக்கு வரவில்லை, ஏன் எந்த வீட்டு வாசலிலும் நின்று கதைக்கவில்லை, ஏன் களம் களமாகவே திரிகிறார் என்பதெல்லாம். கேள்வி கேட்க முடியாத இடம், இல்லையென்று சொல்ல முடியாத இடம், வீட்டுக்காரி வர முடியாத இடம். நாடு முழுக்கத் தேடினாலும் தொழில் நடத்த இதைவிட வசதியான கந்தோர் அவருக்குக் கிடைத்திராது.

“ரெண்டு!” என்று கூவினார் அளப்பவர்.

நான் என்ன செய்யலாம்? ‘நிறுத்துங்கோ’ என்று கத்தலாம். கத்தினால் களம் கெட்டது என்பார்கள். மறுநாள் ஒரு மாடு காலை உளுக்கினாலும் என் பெயரில்தான் எழுதுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடியேற்றத்தில் சங்கத்தின் பேச்சை ஒருவரும் கேட்கமாட்டார்கள். செல்லத்துரையைத் தனியே கூப்பிடலாம் என்றால், பொலி அளக்கும்போது களத்துச் சொந்தக்காரர் இடம்விட்டு அசையக்கூடாது. பேசாமல் நிற்கலாம். நின்றால் பூமணி அக்கா பிள்ளைகளோடு பஸ் ஏறுவதைப் பார்க்க வேண்டும்.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. களத்தில் கடைசியாக, வீட்டுக்குப் போகும் வண்டியில் மூட்டைகளை ஏற்றும்போது எல்லோரும் சேர்ந்து ஒரு நல்வார்த்தை சொல்வார்கள். எத்தனையோ களங்களில் கேட்டிருக்கிறேன். சொல்ல வேண்டிய நேரம் அது இல்லை. அளவையே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் நல்வார்த்தை நல்வார்த்தைதானே! மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்:

“பொலி வீடு காணட்டும்!”

பழக்கம் எப்படிப்பட்டது பாருங்கள். வேலைக்காரர்கள் ஒருவர்கூட யோசிக்கவில்லை. “பொலி, பொலி!” என்று எல்லோரும் திருப்பிக் குரல் கொடுத்தார்கள். நான் விடவில்லை. “முழுப் பொலியும் வீடு காணட்டும்! வீட்டுக்காரி விளக்கேத்தி வாங்கட்டும்! ஐயாவின்ர பங்கும் வீட்டிலை வைச்சே குடுபடட்டும்!” என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் “பொலி, பொலி!” என்றார்கள். அளப்பவர் புசலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செல்லத்துரையின் வண்டியைப் பார்த்தார்.

மில் ஐயா என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை. அவர் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்தச் சொல் அந்த இடத்தில் அவருக்கும் இல்லை.

“நல்லது, நல்லது” என்றார். “நான் பின்னாலை வாறன். நீங்கள் முன்னுக்குப் போங்கோ.”

வீட்டுப் படலையடியில் பூமணி அக்கா விளக்கோடு நின்றார். அத்தனை பொலியும் ஒரேயடியாக வருவதைக் கண்டு முகம் பூரித்துப்போனது. மூட்டைகள் இறங்கியதும், அவற்றுக்குள் புதுக் குறி போட்ட சாக்கு ஒன்றைக் கண்டார்.

“உந்தச் சாக்கு ஆரின்ர?”

செல்லத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு மில் கதையைச் சொன்னார். அக்கா கேட்டார்: “மில் எங்கை இருக்கு?”

“வவுனியாவிலை.”

“நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?”

“மில் ஐயா பாத்தவர்.”

“அது அவரின்ர மில்லெல்லோ! அவர் பாக்காமல் வேறை ஆர் பாக்கிறது?”

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! அதற்குப் பிறகு நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பூவரசங்குளத்தில் கிளிநொச்சி என்கிறார்கள், இங்கே வவுனியா என்கிறீர்கள் என்றேன். செல்லத்துரைக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கியதும் கோபம் வந்தது. அந்தக் கோபம் மில் ஐயாவிடம் போகவில்லை, நேரே என்னிடம் வந்தது.

“ஐயா, நான் களத்திலை வைச்சு வாக்குக் குடுத்தனான். நீங்கள் என்ர வாக்கைக் கெடுத்துப்போட்டியள்.”

இதை நீங்கள் எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். காப்பாற்றியவனுக்கு உடனே நன்றி கிடைக்காது. எனக்குள்ளும் கோபம் மூண்டது. ஆனால் அவருடைய வாக்குத்தான் அவருக்கு மிஞ்சியிருந்த மரியாதை, அதை நான் பிடுங்கக்கூடாது என்று பட்டது. “வாக்கு நிக்கட்டும் அண்ணை. அரைவாசியைத் தனியா அடுக்கி வையுங்கோ. அவர் வீட்டை வந்து, அக்காவுக்கு முன்னாலை இருந்து, மில் எங்கை எண்டு சொல்லிப்போட்டு எடுத்துக்கொண்டு போகட்டும்” என்றேன். செல்லத்துரை அதற்கு ஒத்துக்கொண்டார். மூட்டைகளை விறாந்தையின் ஒரு பக்கமாகத் தனியே அடுக்கினார். மில் ஐயா பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டுத்தானே நின்றார். நாங்களும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்திருந்தோம். பொழுது சாய்ந்தது. ஒருவரும் வரவில்லை.

மில் ஐயா உடையார்கட்டுப் பக்கம் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கிருந்த சங்கத்தாருக்கு உடனே சொல்லி அனுப்பினேன். அதற்குள் அவர் பஸ் ஏறிவிட்டார். முந்திய போகத்தில் திருப்பிக் கொடுத்த நெல் எல்லாம், இன்னோர் ஊரில் பங்கு என்று வாங்கிய நெல்தான் என்பதும் விசாரித்தபோது தெரிந்தது.

எல்லோரையும் காப்பாற்றினேன் என்று நினைத்துவிடாதீர்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தில் தம்பு என்று ஒருவர் இருந்தார். அவருடைய களம் முந்தியே முடிந்துவிட்டது. முழு விளைச்சலையும் கொடுத்திருந்தார். பொலிஸில் முறைப்பாடு எழுத வாருங்கள் என்று பலதரம் கேட்டேன். வரமாட்டேன் என்றார். “அந்த மனுசனுக்கு ஏதும் சுகமில்லாமல் வந்திருக்கும், ஐயா. வருவார்” என்பார். உள்ளுக்குள் அவருக்குத் தெரியும். ஏமாந்தேன் என்று சொல்வதைவிடக் காத்திருப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. ஏமாந்தவர்களின் இந்த வெட்கத்தை நம்பித்தான் மோசடிக்காரன் அடுத்த ஊருக்குத் துணிந்து போகிறான். தம்பு அடுத்த வருடம் காணியை விட்டுவிட்டுக் குடாநாட்டுக்கே திரும்பிவிட்டார். அவருடைய வளவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும், இன்றைக்கும் கனக்கிறது.

செல்லத்துரையின் கதையை அக்கராயனில் ஒரு பழைய ஊர்க்காரரிடம் பெருமையடித்துச் சொன்னேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சிரித்தார். “எங்கட களத்துக்கும் வந்தவர்தான். நாங்கள் ‘பொலி, பொலி’ எண்டு சொல்லிப்போட்டு, வீட்டை வாங்கோ கதைப்பம் எண்டனாங்கள். வரேல்லை.” களத்தில் யாரையும் மறுக்கக்கூடாது என்று தெரிந்தவர்களுக்கு, மறுக்காமல் தப்பும் வழியும் தெரிந்திருக்கிறது. முறையை மட்டும் கற்றுக்கொண்டு அந்த வழியைக் கற்காத புது ஆட்கள்தான் விழுந்தார்கள். எந்தத் தொழிலானாலும், எந்த ஊரானாலும், பிழை விட்டுவிடுவேனோ என்று பயந்து நிற்கும் புது ஆளைத்தான் அவர்கள் தேடி வருகிறார்கள். இப்போது உங்களுடைய ஆட்களிடம் டெலிபோனில் வருகிறார்கள், கோயில் மண்டபத்தில் வருகிறார்கள், வெளிநாட்டு மருமகனின் சிநேகிதன் என்று வருகிறார்கள். எதைத் தருவதாகச் சொல்கிறான் என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்த இடத்தில் வைத்துக் கேட்கிறான், அந்த இடத்தில் யார் இல்லை என்று பாருங்கள்.

விறாந்தையில் தனியாக அடுக்கிய மூட்டைகளைச் செல்லத்துரை சித்திரை பிறக்கும்வரை தொடவில்லை. பூமணி அக்காவும் அவரை ஒரு சொல் கேட்கவில்லை. அந்தப் பொறுமை எனக்கு வந்திருக்காது. கடைசியில் ஒருநாள் அவரே மூட்டைகளை வண்டியில் ஏற்றி, சங்கத்துக்குக் கொண்டுவந்து விற்றார். அந்தக் கோடையில் கிணறு வெட்டினார்கள். அயலுக்கெல்லாம் அதுதான் குடிதண்ணீர். ஊர் அதற்கு ‘மில் கிணறு’ என்று பெயர் வைத்தது. செல்லத்துரையும் கோபிக்காமல் அந்தப் பெயரையே சொல்லப் பழகிவிட்டார்.

கிணற்றுக் கட்டைக் கட்டி முடிந்ததும் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். பூமணி அக்கா தன் கையாலேயே ஒரு வாளி அள்ளி, செம்பில் வார்த்துத் தந்தார். நல்ல குளிர்ந்த தண்ணீர். குடித்துவிட்டு, “அக்கா, இனி அம்மாட்டைப் போறேல்லையோ?” என்று கேட்டேன்.

“போறன். தீபாவளிக்குப் போய் ரெண்டு நாள் நிண்டிட்டு வாறன்” என்றார். பிறகு வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, களம் இருந்த பக்கத்தைப் பார்த்தார்.

“தம்பி, பொம்பிளையள் களத்துக்கு வரப்படாது எண்டு முதன்முதல் சொன்னவன் ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மில்லிலை முதல் பங்கு அவனுக்குத்தான்.”

அடுத்த போகத்தில் செல்லத்துரை பொலி அளந்தபோது நானும் போயிருந்தேன். அக்கா களத்துக்குள் வரவில்லை. வரம்பில் ஒரு பாயைப் போட்டு, எல்லாம் கேட்கும் தூரத்தில், பொலி வண்டியில் ஏறும்வரை இருந்தார்.